‘மற்றவை’ என்ற பிரிவில் வந்தவை

எங்கள் வேதியியல் துறையில் ஒரு பேராசிரியர் வெளியூர்க் கருத்தரங்குக்குப் போனால் அது மூன்று செய்தி. போகப்போகிறார், போயிருக்கிறார், போய்விட்டு வந்தார். மூன்றையும் அவரே எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு வருவார். பெயருக்குப் பின்னால் உள்ள பட்டங்களில் ஒன்று விட்டுப்போனாலும் முகம் சுண்டிவிடும். இவர்கள் கொண்டுவந்து கொட்டுவதையெல்லாம் வாங்கி, வெட்டிக் குறைத்து, ஒரே தாளில் அடக்கி, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வெளியிடுவது ஒருத்தியின் வேலை. அவளை எல்லாரும் நோட்டீஸம்மா என்பார்கள். என்னை ஸ்டோர் என்பார்கள். துறையின் கிடங்கு என் பொறுப்பு. அமிலப் புட்டியிலிருந்து குப்பைக்கூடை வரை என் கையெழுத்தில்லாமல் அசையாது. அவள் மேசையும் என் கிடங்கும் ஒரே அறையில், நடுவில் ஒரு கம்பிவலைத் தடுப்பு. அந்த வலை வழியாகப் பத்தொன்பது வருடம் அவளைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

‘துறைச் செய்தி’ என்பது அந்தத் தாளின் பெயர். படிக்கட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒன்றைக் குத்துவாள். லிஃப்டுக்கு எதிரே இருக்கும் திரையில் அதே செய்தி நாள் முழுக்க ஓடும். ஆசிரியர்கள், மாணவர்கள், படித்து முடித்து எங்கெங்கோ போய்விட்ட பழைய மாணவர்கள் எல்லாருக்கும் மின்னஞ்சலிலும் போகும்.

அவள் எதையும் புதிதாக எழுதமாட்டாள். விருது என்றால் பழைய விருதுச் செய்தி ஒன்றைத் திறப்பாள். பெயரை மாற்றுவாள், தேதியை மாற்றுவாள், வேறு பெயரில் சேமிப்பாள். ஓய்வு பெறுகிறவருக்குப் பழைய ஓய்வு. இரங்கலுக்குப் பழைய இரங்கல். “புதுசா எழுதினாத்தான் தப்பு வரும் அண்ணா” என்பாள். எல்லாத் துறையிலும் இப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மற்றவர்கள் செய்யும்போது பழைய வரி ஒன்று எங்கேயாவது ஒளிந்துகொண்டு நிற்கும். இவளுக்கு முன்னால் இருந்த குமாஸ்தா, விளையாட்டு விழா அழைப்பின் மேல் ஓர் இரங்கல் கூட்டத்தை எழுதி, ‘அனைவரும் திரளாக வந்து மகிழ்வுடன் பங்கேற்குமாறு’ என்ற வரியை அப்படியே விட்டுவிட்டார். துறை ஒரு மாதம் வயிறு வலிக்கச் சிரித்தது. மனுஷன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த நாற்காலிக்கு வந்தவள் இவள். வந்ததிலிருந்து ஒரு வரி தங்கியதில்லை. தாளை வெளியிடுவதற்கு முன் ஒரு பிரதியை வலையின் ஓட்டை வழியாக என்னிடம் நீட்டுவாள். நான் வாசித்து, தப்பில்லை என்று ஒரு சுழி போட்டுத் தருவேன். அது எங்களுக்குள் ஒரு வழக்கம்.

அவள் கணவன் எங்கள் துறையின் கண்ணாடிக்காரன். கீழ்த்தளத்துப் பட்டறையில் நெருப்பின் முன்னால் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயை ஊதி வளைப்பது, உடைந்த குடுவையை ஒட்டுவது அவன் வேலை. என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அந்த முறையில்தான் அவள் எனக்குத் தங்கச்சியானாள், அவர்களுடைய ஒரே மகளுக்கு நான் மாமா ஆனேன். மகளும் எங்கள் துறையிலேயே முதுகலை படித்தாள். அப்பன் பட்டறையில், அம்மா அலுவலகத்தில், மகள் ஆய்வுக்கூடத்தில். “துறையையே குத்தகைக்கு எடுத்துட்டீங்களாடா?” என்று நான் கேட்பேன். கண்ணாடிக்காரன் ஊதிக்கொண்டே கண்ணால் சிரிப்பான்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு, பட்டறையிலேயே சாய்ந்துவிட்டான். நான்தான் முதலில் ஓடினேன். மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக உயிர் மிச்சமில்லை. அவள் மூன்று மாடி இறங்கி வந்து வாசலில் நின்று பார்த்தாள். அழவில்லை. “கேஸை மூடியாச்சா அண்ணா?” என்று கேட்டாள். மூடியிருந்தேன். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அப்போதிருந்த துறைத்தலைவர் பதறிப்போய், “நீங்க ஏம்மா வந்தீங்க? அவரைப் பத்தின செய்தியை வேற யாராவது எழுதட்டுமே” என்றார். “என் வேலைதானே சார்” என்றாள். பழைய இரங்கல் ஒன்றைத் திறந்தாள். பெயரை மாற்றினாள். தேதியை மாற்றினாள். ஒரு பிரதியை என்னிடம் நீட்டினாள். நானும் வாசித்தேன், வாசித்ததாக நினைத்தேன். கண் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்னத்தை வாசிப்பது? சுழி போட்டுத் தந்துவிட்டேன்.

மதியம் மகள் எங்கள் அறைக்குள் வந்தாள். லிஃப்டுக்கு எதிரே அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“ரெண்டு மகன்கள் யாரும்மா?”

அம்மாவுக்குப் புரியவில்லை. மகள் திரையில் பார்த்ததை ஒப்பித்தாள். “‘அன்னாருக்கு மனைவியும் இரு மகன்களும் உள்ளனர்.’ யாரு அந்த ரெண்டு பேரு?”

பழைய இரங்கலில் இருந்த ஒரு பேராசிரியரின் மகன்கள் அவர்கள். பத்தொன்பது வருடத்தில் தங்கிப்போன ஒரே வரி. அவள் கணினியைப் பார்த்தாள். “மாத்திடறேன்” என்றாள். மாற்றினாள். பலகையிலிருந்த தாளையும் எடுத்துவிட்டு வேறு குத்தினாள். அவ்வளவுதான். வேறு ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை.

“அப்பா செத்ததுக்கு நீ பேரை மாத்தினே, தேதியை மாத்தினே” என்றாள் மகள். “என்னை மாத்தணும்னு உனக்கு ஞாபகமே வரல.”

நான் வலைக்கு இந்தப்பக்கம் நின்றிருந்தேன். ‘நானும்தான் பார்த்தேன் கண்ணு, எனக்கும் தெரியல’ என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கான வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் மகள் ஆராய்ச்சிப் படிப்புக்கு விமானம் ஏறிவிட்டாள். ஒன்பது மணி நேரப் பயணம். அதன்பிறகு அம்மாவோடு பேச்சில்லை. அம்மா அழைத்தால் எடுக்கமாட்டாள். எனக்கு எப்போதாவது ‘மாமா நலமா’ என்று இரண்டு சொல் வரும். அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி இருக்காது.

நோட்டீஸம்மா என்ன ஆனாள் என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். எட்டரைக்கு வருவாள், ஐந்துக்குப் போவாள். ஒன்றே காலுக்கு டப்பாவைத் திறப்பாள், ஒன்றரைக்கு மூடுவாள். உள்ளே இருந்தது என்ன என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வாள். ஒருமுறை பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ஏதோ வெடித்து எல்லாரும் வாசலுக்கு ஓடினோம். இவள் ஒரு பத்தியை முடித்துவிட்டு வந்தாள். “உனக்கு உறைக்கவே உறைக்காதாம்மா?” என்று கத்தினேன். “சத்தம் கேட்டுச்சு அண்ணா” என்றாள். கேட்டதாம்.

போன மாதம் எங்கள் புதுத் துறைத்தலைவர் ஒரு சுற்றறிக்கை விட்டார். இனிமேல் எல்லாத் துறைகளின் செய்திகளையும் பல்கலைக்கழகத்தின் மைய அலுவலகமே வெளியிடும். எங்கள் தாள் அந்த மாதக் கடைசித் திங்களோடு நிற்கும். பழைய மாணவர்கள் இணையத்தில் செய்தி அனுப்பும் படிவமும் அதே வாரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மூடப்படும். இதுவரை வந்த படிவங்களை அச்செடுத்துக் கோப்பில் வைக்க வேண்டும். தாள் என் கிடங்கிலிருந்து போவதால் அச்செடுக்கிற தண்டமும் என் தலையில் விழுந்தது.

அந்தப் படிவம் எளிமையானது. பெயர், படித்து முடித்த ஆண்டு, செய்தியின் பிரிவு: வேலை, விருது, ஆய்வுக் கட்டுரை, முகவரி மாற்றம், மற்றவை. நிரப்பி அனுப்பினால் நேராக நோட்டீஸம்மாவின் மேசைக்கு வரும். வேறு யாருக்கும் போகாது. தாளில் போட முடியாததற்கு அவளிடம் ஒரு பதில் தயாராக இருந்தது: ‘தங்கள் செய்திக்கு நன்றி. தனிப்பட்ட செய்திகளைத் துறைச் செய்தியில் வெளியிடுவதில்லை.’ கல்யாணம், குழந்தை, புதுவீடு, எல்லாவற்றுக்கும் அதுதான் போகும்.

நானூறு பக்கம் அச்செடுத்தேன். யாரோ மூன்று முறை பதவி உயர்ந்திருந்தார்கள், எனக்கென்ன போச்சு. ஏதோ ஒரு பக்கத்தில் அவள் மகள் பெயரைப் பார்த்தேன். பிரிவு: மற்றவை. ‘காய்ச்சலில் எட்டு நாள் படுத்திருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.’ தேதி, ஒரு வருடம் நான்கு மாதத்துக்கு முன்னால். கீழே பதில்: தங்கள் செய்திக்கு நன்றி. தனிப்பட்ட செய்திகளைத் துறைச் செய்தியில் வெளியிடுவதில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மற்றவற்றைத் தேடித்தேடி எடுத்தேன். ‘முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன்.’ ‘இங்கே குளிர்காலத்தில் நாலரை மணிக்கே இருட்டிவிடுகிறது.’ ‘அப்பா ஊதிக் கொடுத்த குடுவை உடைந்துவிட்டது. இங்கே ஒட்டுவதில்லை, எறியச் சொல்கிறார்கள். நான் எறியவில்லை.’ மொத்தம் ஒன்பது. ஒன்பதுக்கும் அதே பதில். ஒன்பதையும் அவள் மேசை மேல் போட்டேன்.

“இதையெல்லாம் பார்த்தியா, இல்ல பார்க்காமலே அமுக்கிட்டியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டா இப்படி அனுப்பினே? பெத்த பொண்ணு காய்ச்சல்னு எழுதறா. ‘வெளியிடுவதில்லை’ன்னு அனுப்ப உனக்குக் கை எப்படிம்மா வந்துச்சு?”

அவள் அந்தத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினாள். “வேற என்ன அனுப்பறதுன்னு தெரியல அண்ணா. எழுதி எழுதி அழிச்சேன். எதை எழுதினாலும் அதுல ஏதாவது தப்பு வந்துடும்னு தோணுது. இது தப்பில்லாத பதில். இத்தனை வருஷத்துல யாரும் குறை சொன்னதில்ல.”

“அடிப்பாவி.”

“பதில்னு ஒண்ணு போச்சில்ல. அதனாலதான் அடுத்தது வந்துச்சு.” ஒன்பதாவது தாளை மேலே வைத்தாள். “ஒம்போது வந்திருக்கு.”

திட்ட வாயெடுத்தவன் அப்போதுதான் கவனித்தேன். முதல் பதிலில் இரண்டு வாக்கியம்தான். இரண்டாவதிலிருந்து கடைசியில் ஒரு வாக்கியம் கூடியிருந்தது. ‘தொடர்ந்து எழுதுங்கள்.’ மற்ற யாருக்கும் அனுப்பிய பதிலில் அது இல்லை. திரும்பப் போய் நானூறு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன்.

“போன் பண்ணிப் பாரேன்” என்றேன், குரலை இறக்கி.

“ரெண்டு வருஷம் பண்ணினேன். எடுக்கமாட்டா. அவளுக்கு இதுதான் தோதா இருக்கு.” தாள்களின் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தபடி, “வெள்ளிக்கிழமையோட மூடறாங்கல்ல?” என்று கேட்டாள்.

“ஆமா. அஞ்சு மணிக்கு.”

“சரி” என்றாள். எழுந்து டீ குடிக்கப் போனாள். அவள் மகளோடு அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வழி அந்தப் படிவம்தான். அது மூடப்போகிறது. அதற்கு அவள் சொன்னது ‘சரி’. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது.

கடைசித் திங்கட்கிழமை வந்தது. காலை ஒன்பதரைக்கு வழக்கம்போல் வலை வழியாகப் பிரதி வந்தது. வாசித்தேன். இரண்டு கருத்தரங்கு, ஒரு வாய்மொழித் தேர்வு, நம் மூன்று செய்திப் பேராசிரியரின் ‘போய்விட்டு வந்தார்’. அடியில், இதுவரை அந்தத் தாளில் இல்லாத ஒரு தலைப்பு.

‘திருத்தம்: மூன்று ஆண்டுகளுக்கு முன் இத்தாளில் வெளியான, நம் துறையின் கண்ணாடி ஊதுநரின் மறைவுச் செய்தியில், அவருக்கு இரு மகன்கள் இருப்பதாகச் சொல்லப்பட்டது தவறு. அவருக்கு ஒரே மகள். இத்துறையில் படித்தவள். அன்று மதியமே செய்தி மாற்றப்பட்டது. தவறு நடந்ததாக யாரிடமும் சொல்லப்படவில்லை. அதுவும் தவறு. இரண்டையும் செய்தவள் இந்தத் தாளைத் தயாரிக்கும் நான், அவளுடைய அம்மா. வருந்துகிறேன்.’

இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். எந்தப் பழைய திருத்தத்தின் மேல் இதை எழுதியிருக்க முடியும்? அப்படி ஒன்று கிடையாது. சுழி போட்டேன். பேனா தாளைக் கிழித்துவிட்டது. அவள் வேறு பிரதி எடுத்துக்கொண்டாள்.

பத்தே காலுக்குத் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். அழைக்காமலே நானும் கூடப் போய் நின்றேன்.

“மூணு வருஷத்துக்கு முந்தின தப்புக்கு இப்ப எதுக்கும்மா திருத்தம்? எல்லாருமே மறந்திருப்பாங்க. அதுவும் கடைசித் தாள்ல. இது துறைச் செய்தியா, உங்க குடும்பச் செய்தியா?”

“தப்பு துறைச் செய்தியிலதான் வந்துச்சு சார்” என்றாள்.

அவர் தாளை மடித்து மேசை அறைக்குள் போட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். ஆனால் அவள் முகத்தில் வென்ற களையும் இல்லை, தோற்ற களையும் இல்லை.

செவ்வாய் ஒன்றும் வரவில்லை. புதன்கிழமை யாரோ ஒருவர் தனக்குக் காப்புரிமை கிடைத்ததாக அனுப்பினார். இனிமேல் தாளே கிடையாது, அவர் யாருக்குச் சொல்வார் பாவம். வியாழக்கிழமை வெறுமை. நான் மணிக்கொருதரம் வலைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். “வந்தா சொல்றேன் அண்ணா” என்றாள். அவள் பழைய தாள்களை ஆண்டுவாரியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். இரவில் எனக்குத் தூக்கமில்லை, அவள் தூங்கினாளா என்று கேட்கப் பயமாக இருந்தது. மகள் வாசித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டால்? மூன்று வருடம் கழித்து ஒரு ‘வருந்துகிறேன்’ யாருக்கு வேண்டும்?

வெள்ளிக்கிழமை நாலரைக்குக் கணினி மையத்திலிருந்து ஒருவர் வந்தார். தலை நரைத்த, எப்போதும் அவசரத்தில் இருக்கிற மனிதர். ஐந்து மணிக்குப் படிவத்தை மூடிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் அவருக்கு. “இப்பவே மூடிடட்டுமா? யாரு இனிமே அனுப்பப்போறாங்க?” என்றார்.

“அஞ்சு மணின்னுதானே போட்டிருக்கு” என்று சீறினேன். நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தார்.

நாலே முக்காலுக்கு ஒன்று வந்தது.

அவள் வழக்கம்போல், சரிபார்க்கிறவள் குரலில், மேலிருந்து கீழாக வாசித்தாள். மகள் பெயர். படித்து முடித்த ஆண்டு. பிரிவு, முகவரி மாற்றம். தற்காலிகம். அடுத்த மாதம் பதினான்காம் தேதி முதல் முப்பதாம் தேதி வரை. “கதவு எண் பதினேழு, இரண்டாம் மாடி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு, ஊழியர் குடியிருப்பு.” நிறுத்தினாள். “அஞ்சல் எண்ணுல கடைசி எண் தப்பு. ஆறு வரணும். ஒம்போது போட்டிருக்கா.”

“ஏம்மா” என்றேன், “அது உன் வீடும்மா.”

“தெரியுது அண்ணா.”

அவள் கை மவுஸின் மேல் இருந்தது. நகரவில்லை. முகவரி மாற்றத்துக்கென்று ஒரு பதில் உண்டு: ‘தங்கள் புதிய முகவரி பதிவு செய்யப்பட்டது.’ அது திரையில் தானாக வந்து நின்றது. அழுத்தினால் போதும். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் நான் செய்த பெரிய காரியம் அதுதான். கணினி மையத்துக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார்.

“இதுக்கு என்ன பதில் அனுப்பறது அண்ணா?”

“உனக்கு என்ன தோணுதோ அதை.”

அங்கே இருந்த வரியை அழித்தாள். ஓர் எழுத்தை அடித்தாள், அதன் காலையும் அடித்தாள். ‘வா.’ நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, நான் பார்க்கும்படி திரையைத் திருப்பினாள்.

“இது போதுமா?”

“போதும்மா. அனுப்பு.”

அனுப்பினாள். போய்விட்டது என்று திரை சொன்னது. அவள் இரண்டு கையையும் மேசை மேல் வைத்தாள். பிறகு நெற்றியை அந்தக் கைகளின் மேல் வைத்துக்கொண்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் பட்டறை வாசலில் அழவேண்டியதை எல்லாம் அழுதாள். கட்டி வைத்த தாள்கள் ஒவ்வொன்றாகக் கீழே சரிந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, கணினி மையத்துக்காரரை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனேன்.